டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகும் வலி: எந்த வலிக்கு எந்த வழி?

ஆபரேஷன் முடிந்து பதினோராவது வாரம். மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். எம்.ஆர்.ஐ. படத்தைக்கூடப் பிரிக்காமல் டாக்டர் கேட்டார்: "வலி எங்கம்மா இருக்கு? கால்லயா, இடுப்புலயா?"

"ரெண்டுலயும்தான் சார்."

"சரி, உங்க கையில நூறு ரூபா குடுக்கறேன். ரெண்டுக்கும் பங்கு போடுங்க பாப்போம்."

யோசித்து, காலுக்கு எழுபதும் இடுப்புக்கு முப்பதும் கொடுத்தேன். "மரமரப்புக்கு?" என்றார். அதற்குத் தனிப் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்து பார்த்த ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஊசி போட்டுக்கோ, திரும்ப ஆபரேஷன் பண்ணிக்கோ, ஸ்க்ரூ வைக்காம விட்டதுதான் தப்பு, கேரளா போய் எண்ணெய் வைத்தியம் பாரு. வலி எந்த வகை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க எனக்கு உதவியது அந்த நூறு ரூபாய்க் கணக்குதான். அதையே இங்கும் அளவுகோலாக வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். முதுகெலும்பின் அடியில் எல்5, எஸ்1 என்ற எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) விலகி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியதால் ஆபரேஷன் செய்துகொண்டவள்.

ஆபரேஷனில் எடுப்பது முக்கியமாக நரம்பின் மேல் பிதுங்கி நிற்கும் துண்டைத்தான். தேய்ந்த ஜவ்வு அங்கேயே இருக்கும். 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த நோயையும் அறுவையையும் விளக்கி எழுதிய நாளிலிருந்து அடிப்படை இதுதான். ஆக, ஆபரேஷன் குறிவைப்பது கால்வலியை. இடுப்பு வலியும் போனால் அது உபரி. மரமரப்பு பெரும்பாலும் கடைசியில்தான் போகும். அறுந்த நரம்பிழை திரும்ப வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. இடுப்பிலிருந்து பாத விளிம்பு வரைக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே நசுங்கிய நரம்பு இதைவிடச் சீக்கிரம் தேறும். ஆனாலும் மாதக்கணக்கு ஆகும்.

எனக்கு அது எப்படி இருந்தது என்றால், ஒரு நாள் காலையில் பால் பூத்துக்குப் போய்த் திரும்பி வந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி, "என்னடி, ஒத்தைச் செருப்போட வர்ற?" என்றார். இடது செருப்பு தெருமுனையிலேயே கழன்று கிடந்திருக்கிறது. சுண்டுவிரலும் பாதத்தின் வெளியோரமும் மரத்திருந்ததால் கழன்றதே தெரியவில்லை. சமையலறை மேல்தட்டில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுக்க இடது நுனிக்காலில் எம்பினால் குதிகால் எழும்பாது. இரண்டும் ஒரே நரம்பின் வேலை என்று பிசியோ சொன்ன பிறகுதான் புரிந்தது.

"அவசரப்பட்டுக் கத்தி வெச்சுக்கிட்டியோ" என்ற கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. நெதர்லாந்தில் 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள். மறு பாதியைக் காத்திருக்க வைத்து, தாங்காதவர்களுக்கு மட்டும் பிறகு செய்தார்கள். முடிவு 2007-இல் வந்தது. முதல் கூட்டத்தில் பாதிப்பேர் 4 வாரத்தில் தேறினார்கள், இரண்டாவது கூட்டத்தில் அதற்கு 12 வாரம் ஆனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 95 சதவீதம் தேறியிருந்தார்கள். ஆபரேஷன் நமக்கு வாங்கித் தருவது பெரும்பாலும் நேரத்தை. அதற்காகச் செய்துகொண்டது தப்பும் இல்லை, அதிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் சரியில்லை.

படுக்கையா, நடையா

மாமியார் கட்சி படுக்கை. மூன்று மாதம் அசையக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகு படுப்பது போல. பிசியோ கட்சி நடை. நான் முதல் மூன்று வாரம் மாமியார் பக்கமும் பிறகு பிசியோ பக்கமும் இருந்தேன். முதல் மூன்று வாரம் வீண் என்றுதான் இப்போது நினைக்கிறேன். குனிவது, தூக்குவது போன்றவற்றுக்கான கட்டுப்பாட்டை 2 வாரம் வைத்தாலும் 6 வாரம் வைத்தாலும் பலனில் வித்தியாசமில்லை என்று அமெரிக்காவில் ஒரு ஆய்வு 2017-இல் சொன்னது. ஆபரேஷனுக்குப் பின் 4 முதல் 6 வாரத்துக்குள் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிட வலி சீக்கிரம் குறைகிறது, திரும்ப ஆபரேஷன் வரும் ஆபத்து கூடியதாகவும் தெரியவில்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2014-இல் சொன்னது. ஆதாரம் அவ்வளவு வலுவானதில்லை என்றும் அதிலேயே போட்டிருக்கிறார்கள். உங்கள் தையல், உங்கள் ஜவ்வு, உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதலில். ஆனால் படுத்தே கிடப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு ஆதாரம் நான் எங்கும் பார்க்கவில்லை.

நடையில் எனக்கு வலி கூடவில்லை. உட்கார்வதில்தான் கூடியது. இருபது நிமிடம் நாற்காலியில் இருந்தால் புட்டத்திலிருந்து சுள்ளென்று இறங்கும். விடைத்தாள் திருத்துவதை ஆறு மாதம் நின்றுகொண்டே, பீரோ மேல் வைத்துச் செய்தேன். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஒரு வேகத்தடையைத் தாண்டியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பிசியோவின் குறை, அது மெதுவானது, தினமும் செய்ய வேண்டியது, சலிப்பானது. குதிகாலைத் தூக்கி இறக்குவதை நாளுக்கு அறுபது தடவை என்று நாலு மாதம் செய்தேன். கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம் மூன்றாவது மாதம்தான் வந்தது. இடுப்பு பெல்ட்டைப் பற்றி: பயணத்துக்குப் போட்டேன், வீட்டில் போடவில்லை. அவ்வளவுதான்.

மாத்திரையா, ஊசியா

இவை இரண்டும் காலுக்குக் கொடுத்த எழுபது ரூபாய்க்கான போட்டி. இடுப்பு வலிக்கு இவற்றை நம்பிப் போவதில் பெரிய பயனில்லை.

நரம்பு வலிக்கு நம் ஊரில் முதலில் எழுதித் தருவது ப்ரீகாபலின் அல்லது காபாபென்டின். கொஞ்சம் தெம்பு தந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவில் காலுக்கு இறங்கும் வலி உள்ள 209 பேரிடம் ப்ரீகாபலினையும் வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். வலியில் வித்தியாசமில்லை, தலைசுற்றல் மட்டும் கூடுதல். அது ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கென்று நடத்திய சோதனை இல்லை, அதனால் அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். என் அனுபவம்: ராத்திரி தூங்கினேன், காலையில் முதல் பீரியட்டில் கரும்பலகை ஆடியது. ஒன்று முக்கியம். பிடிக்கவில்லை என்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஊசி என்பது, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பின் வேருக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் செலுத்துவது. மாத்திரையைவிட இதை நான் ஒரு படி மேலே வைப்பேன், ஆனால் வைத்தியம் என்ற முறையில் இல்லை. எந்த நரம்பு கத்துகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. ஊசி போட்ட அன்றே கால்வலி அடங்கினால் குற்றவாளி அந்த நரம்புதான் என்று நம்பலாம். நிவாரணம் சில வாரமோ சில மாதமோ. அந்த இடைவெளியில் பயிற்சியைப் பிடித்துக்கொண்டால் லாபம், சோபாவில் கழித்தால் காசு போச்சு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அடுத்த சில நாள் அளவு எகிறும். போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

திரும்பவும் கத்தியா

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். வலி எந்தக் கதையில் வந்தது என்று பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரமோ மாதமோ கால் நன்றாக இருந்து, திடீரென்று ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ தும்மும்போதோ பழைய மின்னல் திரும்ப இறங்கினால், அதே இடத்தில் ஜவ்வு மறுபடி பிதுங்கியிருக்கலாம். நூறு பேரில் ஐந்திலிருந்து பதினைந்து பேருக்கு இப்படி ஆவதுண்டு. அப்படியானால் மறு ஆபரேஷனுக்கு நியாயம் இருக்கிறது, பலனும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதல் தடவையைவிட நரம்பு உறை கிழியும் வாய்ப்பு மட்டும் கூடுதல்.

ஆனால் வலி ஒரு நாளும் விடாமல் எரிச்சலாக, மந்தமாக இருந்துகொண்டே இருந்தால் கதை வேறு. அதற்குத் தழும்புத் திசு காரணமாக இருக்கலாம், ஏற்கெனவே நரம்புக்கே காயம் பட்டிருக்கலாம். தழும்பை வெட்டி எடுத்தால் அங்கே புதுத் தழும்புதான் வளரும். தழும்பையும் மறுபடி பிதுங்கிய ஜவ்வையும் பிரித்துப் பார்க்க, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும். தழும்பு அந்த மருந்தை வாங்கி வெளுப்பாகத் தெரியும், பிதுங்கிய ஜவ்வுக்கு ஓரம் மட்டும் வெளுக்கும். "ஸ்கேன்ல கொஞ்சம் தெரியுது, பண்ணிடலாம்" என்ற ஒற்றை வரிக்குச் சம்மதிக்காதீர்கள். எனக்கு அந்த வரியைச் சொன்ன இன்னொரு இடத்திலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லாத நிலைகளும் உண்டு. சிறுநீர் கட்டிக்கொள்வது, மலம் தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, காய்ச்சலோடு புரண்டு படுக்கவே முடியாத இடுப்பு வலி. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஸ்க்ரூவா, பயிற்சியா

இது இடுப்புக்குக் கொடுத்த முப்பது ரூபாய். எலும்பு வழுகி நிலையிழந்திருந்தால் ஸ்க்ரூ போட்டுப் பிணைப்பதில் கேள்வியில்லை. அப்படி இல்லாமல், டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பு வலி மட்டும் நீடிக்கிறவர்களுக்கு? சரியாக இதையே நார்வேயில் 60 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு ஸ்க்ரூ. மறு பாதிக்குப் பயிற்சியும், முதுகு ஒடிந்துவிடும் என்ற பயத்தைப் போக்கும் விளக்கமும். ஒரு வருடத்தில் பலன் கண்டவர்கள் ஸ்க்ரூ பக்கம் 50 சதவீதம், பயிற்சிப் பக்கம் 48. சின்ன ஆய்வுதான். ஆனாலும் லட்சங்களையும் ஒரு மூட்டின் அசைவையும் கொடுத்து இரண்டு சதவீதம் வாங்குவதா என்று கேட்டுப் பார்த்தேன். எனக்கு மனசு வரவில்லை.

தண்டுவடத்தருகே கம்பி வைத்து மின்சாரம் செலுத்தும் கருவியும் உண்டு. வருடக்கணக்காகக் கால்வலி விடாதவர்களுக்குக் கடைசிப் படி, விலை பல லட்சம். 2007-இல் வந்த ஆய்வில் அதை வைத்தவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கால்வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது, வழக்கமான வைத்தியத்தில் 9 சதவீதம். ஆனால் 2022-இல் நார்வேயில் 50 பேருக்குக் கருவியை வைத்து, ஆன் செய்தும் ஆஃப் செய்தும் அவர்களுக்குத் தெரியாமல் பார்த்தபோது வித்தியாசம் இல்லாமல் போனது. சோதித்தது ஒரு வகை மின்துடிப்பை மட்டும் என்றாலும் விலையைப் பார்த்தால் யோசிக்க வைக்கிறது. நிரந்தரமாக வைக்கும் முன் வெளியில் கருவியை மாட்டிச் சில நாள் பார்ப்பார்கள். அதைத் தவிர்க்காதீர்கள்.

எண்ணெய், ஒத்தடம் எல்லாம் இறுகிய தசைக்கு இதம் தரும், எனக்கும் தந்தது. ஆபரேஷன் செய்த முதுகை மிதிக்கவும் சொடுக்கவும் மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பதினான்காவது மாதம் டாக்டர் மறுபடி நூறு ரூபாய் கொடுத்தார். காலுக்குப் பத்து, இடுப்புக்கு இருபத்தைந்து, மரமரப்புக்குப் பதினைந்து வைத்தேன். மீதி ஐம்பது எங்கே என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். பெருங்காய டப்பா இப்போது எட்டுகிறது. செருப்பு மட்டும் இன்னும் பின்னால் வார் வைத்ததுதான்.