மியூசியம் காட்டுவதாகச் சொல்லி 48,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள், கவனம்

கண்டிப் பக்கம் ஒன்லைனில் வேன் டூர் புக் பண்ணுகிற யாராவது இருந்தால், காசு போடுவதற்கு முன்பு இதைப் படியுங்கள்.

தங்கச்சி குடும்பம் கனடாவிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறது. அம்மா புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு அந்த வாழ்க்கையைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் ஒன்லைனில் பார்த்த ஒரு வேன் டூர்க் கம்பனியிடம் இரண்டு இடங்களைக் குறிப்பிட்டுக் கேட்டேன். ஒன்று, கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கும் தொழிலாளர் அருங்காட்சியகம். பழைய லயக் காம்பிராக்களிலேயே அமைத்திருக்கிறார்கள், 2007இல் திறந்தது. மற்றது ஹந்தானை தேயிலை மியூசியம், 1925இல் கட்டிய பழைய ஃபெக்டரி.

அந்தக் கம்பனியிலிருந்து போனில் பேசிய பெண், "எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்க்கா, நானே பாத்து அனுப்புறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். வேறு இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்திருந்தேன், அவர்களை விட்டுவிட்டேன். சீசன் நேரம், முழுக்காசும் போட்டால்தான் வேன் உறுதி என்றாள். 48,500 ரூபா போட்டு ஸ்லிப்பையும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

காலையில் வேன் மாத்தளை ரோட்டில் திரும்பியது. கம்பளை நேரெதிர்த் திசை! டிரைவரிடம் கேட்டால், "எனக்குக் குடுத்த பேப்பர்ல கம்பளையே இல்லக்கா" என்று காட்டினார். உண்மைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம். முழங்கால் எண்ணெய் வாங்கச் சொல்லி அம்மாவை உட்கார வைத்து நச்சரித்தார்கள். அப்புறம் 'மியூசியம்' என்று போர்டு போட்ட ஒரு தேயிலைக் கடை. துருப்பிடித்த ரோலர் ஒன்று, மிச்சமெல்லாம் விற்பனைப் பெட்டிகள். "எங்க நம்ம லயம்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது.

போன் பண்ணினால் "இன்னைக்கு மியூசியம் பூட்டுக்கா" என்றாள். ஹந்தானையுமா என்று கேட்டதும் லைன் கட். பிறகு ஒரு ஆண் பேசினான்: பெக்கேஜில் இடங்கள் மாறலாமாம், சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதாம். காசைத் திருப்பிக் கேட்டதற்கு அடுத்த பயணத்துக்கு 10 வீதக் கழிவு தருகிறானாம்! நான் போட்ட ரிவ்யூவும் காணாமல் போய்விட்டது. இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. 48,500 ரூபா. ஒரு தோட்டக் குடும்பம் எத்தனை நாள் கொழுந்து பறித்தால் இந்தக் காசு வரும்?

முழுக்காசையும் முன்கூட்டிப் போடாதீர்கள். போகும் இடங்களின் பெயரை எழுத்தில் வாங்குங்கள், "தோட்ட அனுபவம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் விடாதீர்கள். மியூசியத்துக்கு நீங்களே போன் பண்ணித் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கம்பளைக்கு ரயிலில் போய் ஆட்டோ பிடித்தாலே போதும்.

ஸ்லிப், சாட் எல்லாம் இருக்கிறது, நாளை பொலிஸில் என்ட்ரி போடுகிறேன். இதே மாதிரி "எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்க" என்று யாரிடமாவது பேசிக் காசு வாங்கியிருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.