சல்சா: பலர் கூடிப் பொதிகளைப் பேணும் இடம்

டெபியன் இயங்குதளத்தின் மென்பொருள் பொதிகளைப் பராமரிப்பவர்கள் தங்கள் கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியங்களை வைத்திருக்கும் சல்சா என்ற இணையச் சேவையை, நாகர்கோவிலில் நானும் தக்கலையில் என் இளைய நண்பரும் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். கிட்லேப் மென்பொருளில் இயங்கும் இச்சேவை 2018-இல் டெபியனின் பழைய சேவையான அலியோத்துக்கு மாற்றாக வந்தது. லோகித் தமிழ் எழுத்துருவின் பொதிகூட எழுத்துருக் குழுவின் பெயரில் இங்குதான் இருக்கிறது. கணக்கே இல்லாதவரும் அதைப் பிரதியெடுத்து, எந்த வரி எப்போது, யாரால், எதற்காக மாறியது என்று பார்க்கலாம். ஒரு பொதியின் பொறுப்பு ஒரே ஒருவரின் கணினிக்குள் முடங்கிவிடாமல் இருப்பதற்கு இந்த வரலாறுதான் காரணம் என்பதால், சல்சாவின் மற்ற வசதிகளைவிட இதையே பெரிதாக மதிக்கிறேன்.

இருவர் சேர்ந்து வேலை செய்யும்போது சிக்கல் எங்கே வரும் என்பது எங்களுக்கு, பதிப்புதோறும் செய்த மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாக் கோப்பில்தான் புரிந்தது. இருவரும் தனித்தனிக் கிளைகளில் (களஞ்சியத்துக்குள் பிரித்து வைக்கும் தனிப் பாதைகளில்) வெவ்வேறு பிழைகளைத் திருத்தி, ஆளுக்கொரு வரியை அக்கோப்பின் மேற்பகுதியில் சேர்த்தால், நிரலில் எந்த முரணும் இல்லாதபோதும் கிளைகளை ஒன்றுசேர்க்கும் வேலையைக் கிட் நிறுத்திவிடும். இப்போது நாங்கள் அக்கோப்பைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் பதியும்போது இடும் கமிட் செய்தியைக் கவனமாக எழுதிவிடுகிறோம், வெளியிடும் நாளில் கிட்டில் டெபியன் பொதிகளைக் கையாள உதவும் ஜிபிபி கருவியின் டிசிஎச் கட்டளை அச்செய்திகளைக் கொண்டே சேஞ்ச்லாக்கை எழுதித் தருகிறது. ஊரார் படிக்கப்போகும் வரி என்று தெரிந்தபின், "சரிசெய்தேன்" என்ற ஒற்றைச் சொல்லோடு கமிட் செய்ய எங்களுக்கு மனம் வருவதில்லை.

புதிதாக வருபவரைத் தடுமாறவைப்பது ஒரே களஞ்சியத்தில் மூன்று கிளைகள் இருக்கும் முறைதான்: மூல ஆசிரியரின் நிரலுக்கு ஒன்று, டெபியன் மாற்றங்களுக்கு ஒன்று, மூல நிரலின் தொகுப்பான டார் கோப்பை அச்சு மாறாமல் மீட்டெடுக்க உதவும் பிரிஸ்டின்-டார் ஒன்று. ஒருமுறை நான் முதல் இரண்டை மட்டும் அனுப்பிவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டேன். இரவு பத்து மணிக்கு, "அண்ணே, டார் கோப்பு கிடைக்கல்லியே" என்று தக்கலையிலிருந்து செய்தி வந்தது. அன்றிலிருந்து ஜிபிபி புஷ் கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன்; அது மூன்றையும் சேர்த்தே அனுப்புகிறது.

ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் இணையம் அறுந்துபோகும் எங்கள் மாவட்டத்தில், முழு வரலாறும் கையிலேயே இருக்க, இணைப்பு இல்லாமலே கமிட் செய்ய முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லியாக வேண்டும். இணைப்பு வந்ததும் மெர்ஜ் ரிக்வெஸ்ட் (நம் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினால், சல்சா சிஐ என்ற தானியங்கிச் சோதனை வசதியை அமைத்திருக்கும் களஞ்சியங்களில் பொதி தானாகவே கட்டப்பட்டு, பொதியில் விதிமீறல்களைத் தேடும் லிண்டியன் சோதனையும் நிறுவிப் பார்க்கும் சோதனையும் நடக்கின்றன. சிவப்புக் குறி விழுந்தால், மற்றவர் நேரத்தை வாங்கும் முன்பே நம் பிழை நமக்குத் தெரிந்துவிடும்.

மெர்ஜ் ரிக்வெஸ்ட் ஏற்கப்பட்டதாலேயே பொதி பயனர்களின் கணினிக்குப் போய்விடாது என்பதைத் தொடங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். பதிவேற்றும் உரிமை உள்ள ஒருவர் தம் சாவியால் கையொப்பமிட்டுத் தனியே அனுப்பிய பிறகே அது டெபியன் கிடங்கில் சேரும். உரிமை இல்லாதவருக்கு, அவர் சார்பில் பதிவேற்றித் தரும் ஓர் ஆதரவாளர் தேவை. நாங்களும் இன்றுவரை அப்படித்தான் அனுப்புகிறோம், அவர் கேட்கும் திருத்தங்களெல்லாம் மெர்ஜ் ரிக்வெஸ்டின் கீழேயே பதிவாகி நிற்கின்றன.