நடந்தே ஊர் பார்க்க ஊட்டியா, கொடைக்கானலா?

சுற்றுலா வேனில் ஏறி, ஒவ்வோர் இடத்திலும் "இருபது நிமிடத்தில் வந்துவிடுங்கள்" என்று ஓட்டுநர் விரட்ட, எதையும் நின்று பார்க்காமல் திரும்புவதில் எங்கள் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் விருப்பமில்லை. கரூரிலிருந்து வரும் அவர்கள் காலையிலிருந்து மாலைவரை நடந்தே ஒரு மலையூரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் குன்னூரில் குடியிருப்பதால் முதலில் உதகைக்கும், அடுத்த பனிக்காலத்தில் கொடைக்கானலுக்கும் அவர்களை அழைத்துச் சென்றேன். இனி யார் கேட்டாலும் கொடைக்கானல் என்றுதான் சொல்வேன். குன்னூர்க்காரி இப்படிச் சொல்லலாமா என்று அக்கம்பக்கத்தார் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

குளிர், காட்சி, உணவு ஆகியவற்றில் இரண்டு ஊர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் அதைவிடச் சற்றே தாழ்வு. உதகையின் தொட்டபெட்டா சிகரமும் கொடைக்கானலின் தூண் பாறையும் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளியிருப்பதால், நடப்பவர்கள் இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

தனித்தனி இடங்களாக எடுத்துக்கொண்டால் உதகையே மேல் என்பதை மறுக்க முடியாது. 1848இல் உருவாகத் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் முன் கொடைக்கானலின் பிரையண்ட் பூங்கா சிறு தோட்டம்தான். ஏறத்தாழ 55 ஏக்கரில் படிப்படியாக மேலேறும் அந்தப் பூங்காவில் கல்லாகிப்போன அடிமரம் ஒன்றும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் பழைய மரங்களும், உச்சியை ஒட்டித் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தும் இருக்கின்றன. திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த உத்தரங்கள் தாங்கும் புனித ஸ்டீபன் தேவாலயமும் பார்க்க வேண்டியதே. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறிவரும் மலை ரயிலுக்கு ஈடாகக் கொடைக்கானலில் எதுவும் இல்லை.

ஆனால் நடப்பவருக்கு, பார்க்கும் இடங்களைவிட அவற்றுக்கு இடையிலுள்ள சாலைதான் முக்கியம். நாளின் பாதி அந்தச் சாலையில்தான் கழிகிறது. உதகையில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் நடுவில் இருக்க, ஏரி ஒரு பக்கமும் பூங்கா மறுபக்கமும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் மார்க்கெட், கமர்ஷியல் சாலை, சேரிங் கிராஸ் என்று ஊரின் நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும். நடைபாதை இருக்கும் இடங்களில் சரக்கு மூட்டைகளும் இரு சக்கர வாகனங்களும் நிற்கின்றன. இல்லாத இடங்களில் பேருந்தின் பக்கவாட்டை உரசாமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி ஒட்டி நின்ற ஒரு கணத்தில்தான் சித்தப்பா, "ஏம்மா, நடக்க வந்தோமா, வண்டிக்கு ஒதுங்க வந்தோமா?" என்று கேட்டார். ரோஜா பூங்காவோ விஜயநகரத்தில் தனியொரு சரிவில் இருப்பதால், தாவரவியல் பூங்காவின் ஏற்றத்தை முடித்து இறங்கியவர் மறுபடியும் ஓர் ஏற்றத்துக்குத் தயாராக வேண்டும். பெரிதாக ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று எண்ணிப் போனால், படகு இல்லத்துக்குச் சீட்டு வாங்கி உள்ளே நின்று பார்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

கொடைக்கானலில் இடைச்சாலையே பார்க்கும் இடமாகிவிடுகிறது. பேருந்து நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் கோக்கர்ஸ் வாக் தொடங்குகிறது. மலையின் தென்விளிம்பை ஒட்டி 1872இல் போடப்பட்ட இந்த ஒரு கிலோமீட்டர் நடைபாதையில் வண்டிகள் கிடையாது. இதை நாளின் முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். முற்பகலிலேயே பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து சமவெளியை மூடிவிட்டால், கம்பித் தடுப்புக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. நாங்கள் போனபோது கீழே வயல்களின் கட்டங்களும் ஒரு நீர்த்தேக்கத்தின் மினுக்கமும் தெரிந்தன. சித்தி தேநீர்க் குவளையைக் கையில் எடுத்து இரண்டு மிடறு குடிப்பதற்குள் அவை மறைந்தன.

அங்கிருந்து கீழிறங்கினால் பிரையண்ட் பூங்கா, அதையொட்டியே ஏரி. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை, பெரிய ஏற்ற இறக்கமில்லாமல், தண்ணீரை ஒட்டியே போகிறது. மலையூரில் வயதானவர்களுக்குச் சமதளம் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கூடவே நடந்தால்தான் உணர முடியும். களைத்தால் வேகவைத்த சோளமோ மிளகாய் பஜ்ஜியோ வாங்கிக்கொண்டு உட்காரலாம். மீதிப் பாதி சலித்தால் வாடகை சைக்கிள் எடுக்கலாம். குறையே இல்லையென்று சொல்ல மாட்டேன். சவாரிக் குதிரைகள் திடீரென்று பின்னாலிருந்து வரும், அவற்றின் சாணத்தைப் பார்த்துத்தான் கால்வைக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் கார்களும் கூடிவிடும். நாள் முடிவில் ஏழு ரோடு வழியாகப் பேருந்து நிலையத்துக்கு ஏற வேண்டிய மேடு ஒன்றுதான் கால்களைச் சோதிக்கும்.

மழைக்காலத்தில் நான் கொடைக்கானலில் நடந்ததில்லை. ஆகவே மேலே சொன்னது பனிக்காலத்துக்கு மட்டுமே பொருந்தும். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவதற்குக் கடைவீதியும் தேவாலயமும் உள்ள உதகை வசதியாக இருக்கக்கூடும். செடிகொடிகளில் தோய்ந்தவர்களும், ரயிலுக்காகவே வருபவர்களும் தயங்காமல் உதகைக்குப் போகலாம். ஆனால் பூங்காவை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஏரியை விட்டுவிடட்டும்.

கோடை விடுமுறையின் சனி, ஞாயிறுகளில் இரண்டு ஊர்களுமே நடப்பதற்கு ஏற்றவையல்ல. 2024 மே மாதம் முதல் இரண்டுக்கும் நடைமுறைக்கு வந்த, வண்டிகளுக்கான இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டு, அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை என்பதால், வண்டி இல்லாமல் வருபவர்களுக்கு அந்த அலைச்சலும் மிச்சம். வார நாளில், முந்தின இரவே மேலேறித் தங்கிவிட்டால், காலை வெளிச்சத்தில் கோக்கர்ஸ் வாக்கைப் பிடித்துவிடலாம்.