டர்பனின் ஈரமும் லெனேசியாவின் உறைபனியும்: பூனை நுரையீரல் புழுவுக்கு எது வசதி?

பூனையின் நுரையீரலில் வாழும் ‘ஏலுரோஸ்ட்ராங்கிலஸ்’ புழுவின் இளம்புழுக்கள், இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மலத்தோடு மண்ணுக்கு வருகின்றன, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் நீளமே உள்ள அவை நத்தைக்குள் புகும்வரை பிழைத்திருக்குமா என்பதை ஈரமும் வெப்பமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில், கோடை மழையால் கறிவேப்பிலைச் செடியடி மண்கூட ஈரமாக இருப்பதால், இளம்புழு உலர்ந்து சாகும் வாய்ப்புக் குறைவு. ஆனால் வெப்பம் இரண்டு விதமாக வேலை செய்கிறது: நத்தைக்குள் புழு தொற்றும் பருவத்தை விரைவில் அடைய உதவும் அதே வெப்பம், வெளியே கிடக்கும் இளம்புழுவின் சேமிப்புச் சத்தைத் தீர்த்து ஆயுளைக் குறைத்துவிடும்.

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியா, கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே உள்ளது. அங்குள்ள வறண்ட குளிர்காலத்தில் வெயிலும் காற்றும் மலத்தை உலர்த்திவிடுகின்றன. உலர்தலே இளம்புழுவின் முதல் எதிரி. குளிரை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏனெனில் உறையாத, ஈரமான நிழலில் குளிர் அதன் ஆயுளை நீட்டவே செய்யும்.

என் கணிப்பில் டர்பன் பூனைக்கே ஆபத்து அதிகம். எனினும் நத்தையை மட்டுமன்றி, நத்தையைத் தின்ற எலி, பல்லி, பறவை ஆகியவற்றைத் தின்பதாலும் பூனைக்குத் தொற்று வருமாதலால், லெனேசியாவிலும் விடாமல் இருமும் பூனையின் மலத்தைப் பேர்மன் முறையில் (மலத்திலுள்ள இளம்புழுக்களை நீரில் பிரித்தெடுக்கும் முறை) சோதிக்கச் சொல்லி மருத்துவரைக் கேட்பது நல்லது.