பார்வையில்லாத என் மகளும் டோக்பேக்கும்: மூன்று வருடத்துக்குப் பிறகு

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, இப்போது தரம் 8 படிக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் தமையன் பாவித்த பழைய ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் டோக்பேக்கைப் போட்டுக் கொடுத்தோம். இதற்கென்று காசு செலவில்லை. செட்டிங்ஸில் போட்டுவிட்டு, குரலுக்குத் தமிழைத் தெரிவுசெய்தால் சரி.

முதல் இரண்டு கிழமை அழுகைதான். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இரண்டுமுறை தட்டினால்தான் திறக்கும். அது கைக்கு வர நாளெடுத்தது. பிறகு குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இப்போது அவள் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

முந்தி சிநேகிதியின் மெசேஜைத் தமையன்தான் வாசித்துச் சொல்வான். இப்போது திரையை மறைத்து வைத்து, ஒரு காதில் இயர்போனோடு தானே வாசிக்கிறாள். "என்ன எழுதியிருக்கிறா?" என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள அம்மா" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய ரகசியம் அன்றுதான் என் பிள்ளைக்கும் வாய்த்தது.

பெரிய சிக்கல் பாடக்குறிப்புகளில். ஒருநாள் ஒரு பி.டி.எஃப்பைத் திறந்தாள், "எம் கே, கே எச்" என்று ஓடியது. போன் பழுது என்று நினைத்தேன். திரையைப் பார்த்தால் "அம்மா" என்று சரியாகத்தான் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, போன் அதைத்தான் வாசிக்கும். பிரதி எடுத்து, அதைப் போன் வாசிக்கக்கூடிய தமிழ் எழுத்தாக்கும் யூனிகோட் மாற்றியில் போட்டால் சரியாகும். கையால் எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும் குறிப்புக்கு அதுவும் உதவாது. கூகுள் லென்ஸில் எழுத்தைப் பிரித்தெடுத்தாலும் அட்டவணைகள் குழம்பி வருகின்றன.

இன்னொன்று: விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயிலை விட்டுவிடாதீர்கள். காதால் மட்டும் படித்ததில் "பள்ளி"யைப் "பல்லி" என்று எழுதத் தொடங்கினாள். இப்போது சந்தேகமான சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்துக் கேட்டு, பிரெயிலில் குத்திப் பழகுகிறாள்.

சிறுவர் உரிமைகள் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமைகள் டிஜிட்டல் சூழலிலும் செல்லும் என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2021இல் தன் 25ஆம் பொதுக் கருத்துரையில் சொல்லிவிட்டது. பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிவிடும் மராக்கேஷ் உடன்படிக்கையில் 2016இல் நாமும் சேர்ந்தோம். என் பிள்ளைக்கு இதெல்லாம் கைக்கு வருவது, டீச்சர் யூனிகோட்டில் அடித்து அனுப்பும் நாளில்தான்.

கேட்டுப் பார்த்தேன். விஞ்ஞான டீச்சர் அன்றிரவே போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டார், படங்களுக்குக் குரல்பதிவில் விளக்கமும் அனுப்புகிறார். அந்தப் பாடத்தை மகள் யாரையும் கேட்காமல் படிக்கிறாள். மற்றப் பாடங்களுக்கு இரவில் சமையல் முடித்துவிட்டு நான்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.