42,000 ரூபாய் போச்சு: பழைய தோட்டப் புத்தகம் வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

போன வியாழக்கிழமை பார்சல் வந்தது. நேற்று ராத்திரி கடைசிப் பதிலும் வந்துவிட்டது: பணம் திரும்பக் கிடைக்காது. 42,000 ரூபாய். கோவையில் சின்ன நர்சரி வைத்திருப்பவள் நான். நாற்று விற்று அந்தப் பணத்தைச் சேர்க்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

என்ன புத்தகம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வில்லியம் கர்டிஸ் என்று ஒருவர், மருந்து தயாரிக்கும் தொழில் கற்றுச் செடிகள் பக்கம் வந்தவர். ஊரைச் சுற்றி முளைக்கும் காட்டுச் செடிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார், சரியாக விற்கவில்லை. அப்புறம் தோட்டத்துப் பூக்கள் பக்கம் திரும்பி, 1787 பிப்ரவரியில் 'பொட்டானிக்கல் மேகசின்' ஆரம்பித்தார். மாதம் மூன்று படம், விலை ஒரு ஷில்லிங். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, ஒவ்வொரு பிரதிக்கும் ஆட்கள் உட்கார்ந்து கையால் வண்ணம் பூசினார்கள். அந்தக் கைவேலை 1948 வரை நடந்தது. இன்று நான் எக்கினேசியா என்று தொட்டியில் வைத்து விற்கிற செடிதான் அதன் இரண்டாவது படம், அப்போது அதற்கு ருட்பெக்கியா என்று பெயர். மாத இதழ்களைச் சேர்த்துக் கட்டிய முதல் தொகுதியில் மொத்தம் 36 படங்கள். என் தொழிலுக்கு அது குலதெய்வம் மாதிரி. ஒரு தடவையாவது கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் அந்த முதல் தொகுதியைப் பார்த்தேன். '36 படங்களும் உண்டு' என்று போட்டிருந்தது. விற்பவர் வயதானவர், மெதுவாகப் பேசினார். வீடியோ காலில் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். ஜன்னலோரம் ஒரு மேஜை, நீலக் கட்டம் போட்ட விரிப்பு, அதன்மேல் தோல் அட்டைப் புத்தகம். "எந்தப் பக்கம் பார்க்கணும், சொல்லுங்க மேடம்" என்றார். முதல் படம் என்றேன். பாரசீக ஐரிஸ். பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அசல், அதில் சந்தேகமே இல்லை. எழுத்துப் பக்கங்களையும் புரட்டினார். அந்தக் காலத்து அச்சில் எஸ் எழுத்து எஃப் போலவே நீளமாக இருக்கும், அதுவும் சரியாக இருந்தது. கடைசிப் படத்தையும் காட்டிவிட்டு, போனில் சார்ஜ் இல்லை என்றார்.

அப்புறம் சொன்ன வார்த்தையில்தான் நான் விழுந்தேன். "படத்தைக் கிழிச்சு பிரேம் போட்டு விக்கிறவங்க எவ்வளவோ கேட்டாங்க மேடம். நான் தரல. செடி வளர்க்கிறவங்க கைக்குத்தான் இது போகணும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. செயலி மூலம் கட்டினால் கமிஷன் போய்விடும், நேரே அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். 42,000.

பார்சலைப் பிரித்து இரண்டாவது படத்துக்குப் போனதுமே மனசு கனத்தது. எக்கினேசியா இதழ் ஏதோ காலண்டர் படம் மாதிரி வழவழவென்று இருந்தது. விதை பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். கையால் பூசிய வண்ணம் ஓரத்தில் தேங்கிக் காய்ந்து கோடாகத் தெரியும், அங்கங்கே வரியைத் தாண்டியும் வழியும். இதில் வெறும் புள்ளிகள். நீலம், மஞ்சள், ரோஸ் புள்ளிகள், பிரிண்டரில் எடுத்தது. கல்லாவில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை எடுத்து வந்தேன். எழுத்துப் பக்கம் மங்கலாகவே இருந்தது, படம் இருந்த தாள் பளீரென்று நீலமாக மின்னியது. இந்தக் காலத்துத் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம்தான் அப்படி மின்னும். 36 படங்களில் 34 அப்படித்தான். நான் வீடியோவில் பார்த்த முதலும் கடைசியும் மட்டும் அசல்.

தையல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால், பிளேடால் அறுத்த பழைய தாளின் விரல் அகலத் துண்டு ஒவ்வொரு இடத்திலும் நிற்கிறது. அதன்மேல் புதுத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்தில் பழைய படத்தின் நிழல் பழுப்பாக இறங்கியிருக்கிறது, தண்டும் இலையும் தெரிகிறது. இத்தனை வருஷம் ஒட்டிக் கிடந்த படம் விட்டுப்போன அடையாளம். அதைப் பார்த்துத்தான் அழுதேன். பணத்துக்காக இல்லை.

அவரைக் கூப்பிட்டேன். "பழைய புத்தகம்னா அப்படி இப்படித்தான் இருக்கும் மேடம்." மறுநாள், "36 படம்னு போட்டேன். எண்ணிப் பாருங்க, 36 இருக்கா இல்லையா?" மூன்றாம் நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். செயலிக்காரர்கள் முதலில் பார்சல் பிரித்த வீடியோ கேட்டார்கள். நான் எடுக்கவில்லை. பிறகு 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று நாலு தடவை ஒரே பதில். நேற்று, செயலிக்கு வெளியே அனுப்பிய 42,000 ரூபாய்க்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஒவ்வொரு படத்தையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், பின்பக்கமும் தையல் ஓரமும் சேர்த்து. சார்ஜ் இல்லை என்றால் போட்ட பிறகு பேசலாம் என்று வைத்துவிடுங்கள். செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

இன்று காலை அதே செயலியில் வேறொரு பெயரில் இரண்டாம் தொகுதி விற்பனைக்கு வந்திருக்கிறது, 45,000 ரூபாய். அதே ஜன்னல், அதே நீலக் கட்டம் போட்ட விரிப்பு. யாரும் வாங்கிவிடாதீர்கள்.