குழந்தை தலை திரும்பவில்லை: திருப்பிப் பார்ப்பதா, நேராக சிசேரியனா?

28 வார ஸ்கேனில் 'தலை மேல இருக்கு' என்று சொன்னால் பதற வேண்டாம். அந்தச் சமயத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை அப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் தானே திரும்பிவிடும். 36 வாரம் ஆகியும் பிட்டமோ காலோ கீழே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு இப்படி இருக்கும். தலைப்பிரசவத்தில் எனக்கும் அப்படித்தான். டாக்டர் வெளியிலிருந்து கையால் திருப்பும் ஈ.சி.வி.-க்கு நான் சம்மதித்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிட்டம் கீழே இருக்கும்படியே சுகப்பிரசவம் பார்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் டொரண்டோவைச் சேர்ந்த மேரி ஹன்னா குழுவினர் 26 நாடுகளில் நடத்திய ஆய்வு 2000-ல் வெளிவந்தது. திட்டமிட்ட சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்குப் பாதிப்பு குறைவு என்றது அது. அதன்பிறகு பல இடங்களில் டாக்டர்கள் இந்தப் பிரசவத்தைக் கைவிட்டார்கள். இரண்டு வயதில் அதே குழந்தைகளைப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கைதேர்ந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

சிசேரியனில் தேதி முன்பே தெரியும். பெரும்பாலும் 39 வாரத்தில் வைப்பார்கள், வீட்டில் நல்ல நேரமும் பார்த்துக்கொள்ளலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதனால் யாரும் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

திருப்புவதற்குத்தான் ஆயிரம் கேள்வி வரும். "வயித்தைப் போட்டு அமுக்குறதாவது! கொடி சுத்திக்கிட்டா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் அத்தை. நியாயமான பயம்தான். நடப்பது இதுதான்: ஸ்கேனில் குழந்தையின் நிலை, பனிக்குட நீர், நஞ்சு (நஞ்சுக்கொடி) இருக்கும் இடம் எல்லாம் பார்க்கிறார்கள். வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். கர்ப்பப்பை தளர டெர்பியூட்டலின் ஊசி போடுவது வழக்கம். அது ஏறியதும் நமக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பிறகு டாக்டர் ஒரு கையால் பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மேலே தூக்கி, மறு கையால் தலையை நகர்த்தி, குழந்தையைக் குட்டிக்கரணம் போடவைக்கிறார். எனக்கு மயக்க ஊசி எதுவும் போடவில்லை. வலித்தது, ஆனால் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற தைரியம் இருந்தது. முடிந்ததும் மறுபடி துடிப்பைப் பார்க்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்யவேண்டிய நிலைமை சுமார் 200 பேரில் ஒருவருக்கு வரும். அதனால் தியேட்டர் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

மொத்தத்தில் பாதிப் பேருக்குத் திரும்பும். தலைப்பிரசவம் என்றால் 40 சதவீதம், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 60. திரும்பிய குழந்தை பழையபடி புரள்வது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனாலும் இயல்பாகவே தலை கீழே இருப்பவர்களைவிட, திருப்பப்பட்டவர்களுக்குப் பிரசவ வலியின்போது சிசேரியன் ஆகும் வாய்ப்பு கூடுதல். எனக்குத் திரும்பியது, சுகப்பிரசவமும் ஆனது. என் நாத்தனாருக்குத் திரும்பவில்லை, சிசேரியன்தான்.

தோற்கும் வாய்ப்பே அதிகம் என்று தெரிந்தும் நான் ஏன் படுத்தேன்? தழும்புக்காக. சிசேரியனின் கணக்கு அந்தப் பிரசவத்தோடு முடிவதில்லை. வயிற்றுத் தோலில் தெரியும் கோட்டைப் பற்றி நான் பேசவில்லை, கர்ப்பப்பையில் இருக்கும் கோட்டைப் பற்றிப் பேசுகிறேன். அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்றால் அந்த இடம் விரிந்து கிழிய 200-ல் ஒரு வாய்ப்பு. அதனாலேயே பல இடங்களில் மறுபடியும் சிசேரியன் என்றுவிடுகிறார்கள். இன்னொன்று நஞ்சு. அது கீழே இறங்கி பழைய தழும்பின்மேல் அமைந்துவிட்டால், கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே வேர்விட்டு, பிரசவத்தில் பிரியாமல் ரத்தம் கொட்டும். 2006-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், நஞ்சு கீழே இருந்தவர்களில் முதல் சிசேரியனின்போது 3 சதவீதம் பேருக்கு இப்படி ஒட்டியிருந்தது. இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. நஞ்சு கீழே இறங்குவதே எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனால் அதன் வாய்ப்பையும் தழும்பு கொஞ்சம் கூட்டுகிறது. எனக்கு இன்னும் ஒன்றாவது, முடிந்தால் இரண்டாவது பெற்றுக்கொள்ள ஆசை. ஒரு குழந்தை போதும் என்று தீர்மானித்திருந்தால் இந்தக் கணக்கில் பாதி அடிபட்டுப்போகும். என் முடிவும் மாறியிருக்கலாம்.

குழந்தை தானே திரும்ப முட்டி போட்டுக் குனிவது, கால் சுண்டுவிரல் ஓரம் மூலிகைச் சூடு காட்டும் சீன முறை இவையும் காதில் விழும். குனிந்து பார்த்தேன், பலன் தெரியவில்லை, சூடு காட்டிக்கொள்ளவில்லை.

நஞ்சு கீழே இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் பட்டிருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ திருப்பும் பேச்சே வேண்டாம். மற்றவர்கள் 36 வாரத்திலேயே, 'இங்கே செய்வீர்களா, இல்லாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்' என்று கேளுங்கள். நாள் போகப் போகக் குழந்தைக்குப் புரள இடம் குறையும். ரத்த வகை நெகட்டிவ் என்றால், திருப்பிய பிறகு ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும், அதையும் ஞாபகப்படுத்துங்கள்.